நீர்க்குளிர்விப்புச் சுற்றில் வடிகட்டி போட்டால் பிளாக்கைத் திறக்கவே வேண்டாமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 11

இரண்டு ஆண்டுகளாகக் கணினியில் நீர்க்குளிர்விப்பு வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, பிளாக்கை, அதாவது சிப்பின்மேல் அமர்ந்து உள்ளே நீர் ஓடும் செம்புத் தகட்டை, திறந்து தேய்த்துக் கழுவுவது அலுத்துவிட்டது. குழாயின் நடுவே ஒரு வடிகட்டியை மாட்டிவிட்டால் இனி பிளாக்கைத் திறக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. குடிநீருக்குச் செய்வதும் இதுதானே? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 11, இரவு

மறுக்கிறேன். இதே நம்பிக்கையில் வடிகட்டி வாங்கியவன் நான்.

என் கிராபிக்ஸ் சிப்புக்கும் தண்ணீருக்கும் இடையே வெப்ப வித்தியாசம் புதிதில் 12 டிகிரி. ஆறு மாதத்தில் அது 23 ஆனது. அதே விளையாட்டு, அதே விசிறி வேகம், அறையின் வெப்பமும் ஏறக்குறைய அதே. தண்ணீர் வழக்கமான சூட்டில்தான் இருந்தது, சிப் மட்டும் கொதித்தது. இப்படி நடந்தால், நீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். பிளாக்குக்குள் ஏதோ அடைத்திருக்கலாம்.

திறந்தேன். செம்புத் தகட்டில் சீவிய இடுக்குகளின் மேல், தண்ணீர் முதலில் வந்து விழும் நடுக்கோட்டில், பழுப்பு நிறத்தில் ஒரு படலம் கம்பளி போல் ஒட்டியிருந்தது. ஓரத்து இடுக்குகள் புதிது போலவே இருந்தன. அந்த இடுக்குகளின் அகலம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: வடிகட்டி இல்லாத சுற்று என்று எதுவுமே கிடையாது. தனியாக ஒன்றை வைக்காவிட்டால் பிளாக்கே வடிகட்டியாகிவிடும். எனவே, தனியாக ஒரு வலை வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதை மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்பதில்தான் உடன்பட மாட்டேன்.

ஜனவரி 12

எந்த வலை என்று கேட்டிருக்கிறீர்கள். நிக்கல் முலாம் பூசிய பித்தளை உடல், உள்ளே குவளை வடிவில் எவர்சில்வர் வலை, இரு முனைகளிலும் நீர்க்குளிர்விப்பு இணைப்புகளுக்கு வழக்கமான ஜி1/4 மரை. வலையின் எண் 200. இடுக்கு 250 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), வலை 200 மைக்ரான். இடுக்கைவிட வலை சிறிது, ஆகவே சரியாகப் பொருந்துகிறது.

ஜனவரி 14

மேலே எழுதியது தவறு. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், ஏனென்றால் இதே தவறைப் பலரும் செய்வார்கள்.

பெட்டியில் இருந்த 200 என்பது மைக்ரான் அளவு கிடையாது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்ற எண்ணிக்கை அது. எண் கூடக் கூடக் கண் சிறுத்துப்போகும். 100 என்றால் கண் சுமார் 150 மைக்ரான், 200 என்றால் சுமார் 75 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். இடுக்கைவிடச் சற்றே சிறிய வலை என்று நினைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு கூட எட்டாத கண் கொண்ட வலையை வைத்திருக்கிறேன்.

பாய்வு ஏன் மூன்றே நாளில் படுத்தது என்பதற்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. வடிகட்டி இல்லாதபோது மணிக்கு 210 லிட்டர். இந்த வலையைப் போட்ட அன்று 165. மூன்றாம் நாள் 70. பம்ப் பழுது என்று நினைத்து வேறு பம்ப் வாங்கவும் இருந்தேன். வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் பாதி மூடியிருந்தது.

100 எண் வலைக்கு மாற்றியபின் 190. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்தாலே போதும்.

ஜனவரி 20

எங்கே மாட்டுவது? பம்ப்புக்கு முன்னால் ஒருபோதும் மாட்டாதீர்கள். இந்தப் பம்ப்புகள் தள்ளுவதில் வல்லவை, உறிஞ்சுவதில் பலவீனமானவை. டி5 வகைப் பம்ப் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றும் அழுத்தம் தரும். ஆனால் அதன் வாய்க்கு நேர்முன்னே தடை வைத்தால் காற்றுக் குமிழிகள் உண்டாகி இரையும்.

உடலில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதையும் மதிக்க வேண்டும். தண்ணீர் குவளையின் உள்ளே நுழைந்து வெளிப்பக்கமாகப் போனால்தான் கசடு குவளைக்குள் தங்கும். திருப்பி மாட்டினால் கசடு வலையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும். திறக்க மூடியைச் சுழற்றும்போதே உதிர்ந்து குழாய்க்குள் திரும்பிவிடும்.

ஜனவரி 23

"ஒருபோதும்" என்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இந்த உரையாடல் இழையில் ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டினார்: தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவே வைப்பதுதான் கேடு. ரேடியேட்டரிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயில் வைத்தால், பம்ப் வழக்கம்போல் தொட்டி நீரையே எடுத்துக்கொள்கிறது. வாய்க்கு முன்னால் புதிய தடை எதுவும் வருவதில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்ன இடம் என் இடத்தைவிட நல்லது. என் அமைப்பில் பம்ப், வடிகட்டி, கிராபிக்ஸ் பிளாக், சிபியு பிளாக், ரேடியேட்டர், தொட்டி என்று வரிசை. பிளாக்குகள் காக்கப்பட்டன. ஆனால் ரேடியேட்டரிலிருந்து கிளம்பும் துகள் வடிகட்டிக்கு வருமுன் பம்ப்பைக் கடந்தாக வேண்டும். டி5 பம்ப்பின் சுழலி ஒரு சின்னப் பீங்கான் குண்டின்மேல் உட்கார்ந்து சுற்றுகிறது. அதற்கு எண்ணெய் கிடையாது, நாம் ஊற்றும் தண்ணீரே மசகு. அந்த இடத்தில் உலோகப் பொடி போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சுற்று முழுவதும் ஒரே பாய்வு என்பதால் இடம் மாறுவதால் பாய்வு குறையாது. குளிர்ச்சியும் மாறாது. வெளியே வரும் முதல் அழுக்கு எங்கே பிறக்கிறதோ அதற்கு அடுத்த இடமே வடிகட்டிக்கு உரியது. பெரும்பாலான புதுச் சுற்றுகளில் அந்தப் பிறப்பிடம் ரேடியேட்டர்.

மாற்றிவிட்டேன். மாற்றும்போது இன்னொன்றும் செய்தேன்: வடிகட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு பந்து வால்வு. முன்பெல்லாம் வலையைக் கழுவச் சுற்றில் பாதியை வடிக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு வால்வையும் மூடினால் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்தான் வெளியேறும். கணினியை அணைத்து, கீழே துணி விரித்துவிட்டுத் திறக்கவும். மீண்டும் ஓட்டுமுன் வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று இருமுறை பாருங்கள். மூடிய சுற்றில் பம்ப் ஓடினால் தண்ணீர் அசையாது, சிப் சூடாகும்.

பிப்ரவரி 2

இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இதுதான். சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இதுவரை நான்கு முறை வலையைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் அதில் இருந்ததைக் கழுவிக் கொட்டாமல் வெள்ளைத் தாளில் தட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

முதல் முறை, மணிமணியாகச் சாம்பல் நிறத் துகள்கள். நகத்தால் அழுத்தினால் நசுங்கின. ஈயப்பற்றுத் துளிகள். ரேடியேட்டரின் குழல்களைப் பற்றவைக்கும்போது உள்ளே தெறித்தவை. அவற்றோடு தேன் நிறத்தில் பிசுபிசுப்பான சிறு செதில்கள், பற்றுவைக்கப் பூசும் பசையின் மிச்சம். ரேடியேட்டரை நான் வெந்நீரில் இரண்டு முறை குலுக்கித்தான் மாட்டியிருந்தேன். அது போதவில்லை என்று வலை சொன்னது.

இரண்டாம் முறை, கண்ணாடி போல் தெளிவான சுருள்கள். என் கடினக் குழாயை அறுத்தபோது விளிம்பில் நின்ற பிசிறு. அறுத்த விளிம்பை வெளிப்புறம் மட்டும் தேய்த்துவிட்டு உட்புறத்தை விட்டுவிட்டேன்.

மூன்றாம் முறை, கறுப்பு நூல் போல ஒன்று, அரை அங்குல நீளம், வளைந்து வந்தது. இது என்னைப் பயமுறுத்தியது. ஓ ரிங்கின் சீவல். குழாயை இணைக்கும் ஏதோ ஒரு ஃபிட்டிங்கை முறுக்கும்போது ரப்பர் வளையம் பள்ளத்திலிருந்து பிதுங்கி நசுங்கியிருக்கிறது. எல்லா ஃபிட்டிங்குகளையும் கழற்றிப் பார்த்தேன். சிபியு பிளாக்கின் வெளிவாயில் இருந்தது, வளையத்தில் பாதி காணவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அந்த இடம் கசிந்திருக்கும். கீழே கிராபிக்ஸ் அட்டை.

நான்காம் முறை, சில நூலிழைகள் மட்டும்.

அடைப்பைத் தடுத்தது வடிகட்டி செய்த சின்ன வேலை. சுற்றின் எந்த உறுப்பு எதை உதிர்க்கிறது என்று காட்டியது பெரிய வேலை. கழுவிக் கொட்டுமுன் பாருங்கள். ஈயமணி என்றால் ரேடியேட்டர், தெளிந்த சுருள் என்றால் குழாய் விளிம்பு, கறுப்புச் சீவல் என்றால் ஓ ரிங், பித்தளை மினுக்கு என்றால் ஃபிட்டிங்கின் மரை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

பிப்ரவரி 9

மூன்று பேர் மாற்று வடிகட்டிகளைக் கேட்டிருக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிளின் எரிபொருள் வடிகட்டி: உள்ளே காகிதம் இருந்தால் வேண்டாம். பெட்ரோலுக்கென்று செய்த காகிதம் மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறினால் தளர்ந்து, தானே நூலாக உதிரத் தொடங்கும். நைலான் வலை உள்ளது என்றால் அழுத்தத்தைத் தாங்கும். நம் சுற்றின் அழுத்தம் அரை பாருக்கும், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிக்கும், குறைவுதான். ஆனால் அதன் குழாய் முனைகள் மெல்லியவை, நம் குழாயின் அளவுக்கும் பொருந்தாது. ஒரு கவ்வியை நம்பி அதைக் கணினிக்குள் வைக்க எனக்கு மனமில்லை.

கரி வடிகட்டி, மீன்தொட்டிக்குப் போடுவது: கூடவே கூடாது. குளிர்நீரில் கலந்திருக்கும் அரிப்புத்தடுப்பானையும் பாசிக்கொல்லியையும் கரி உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் பளிச்சென்று தெரியும், காப்பு போய்விட்டிருக்கும்.

மலிவான அலுமினிய உடல் வடிகட்டி: அதைவிட வடிகட்டியே இல்லாமல் இருப்பது மேல். செம்பின் மின்முனை அழுத்தம் நேர் 0.34 வோல்ட், அலுமினியத்துக்கு எதிர் 1.66. இரண்டையும் ஒரே தண்ணீரில் வைத்தால் அலுமினியம் கரையத் தொடங்கும். அழுக்கைப் பிடிக்க வாங்கிய பொருளே அழுக்கை உண்டாக்கும். வாங்குமுன் ஒரு மூலையில் சுரண்டிப் பார்க்க விற்பவர் விடமாட்டார், ஆகையால் எடையைப் பாருங்கள். பித்தளை கையில் கனக்கும்.

பிப்ரவரி 27

கேள்வி கேட்டவர் வடிகட்டி மாட்டி ஒரு மாதம் ஆகிவிட்டது, வலையில் ஒன்றுமே இல்லை, ஆனால் குழாய் மங்கலாகிறது என்று எழுதியிருக்கிறார். இது முக்கியம்.

வலையில் சிக்காதவை உண்டு. நெகிழ்வான பிவிசி குழாயை மென்மையாக வைத்திருப்பது அதில் கலந்துள்ள நெகிழ்வூட்டி. அது சூடான நீரில் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறும். தண்ணீரில் வரும்போது துகளாக இருப்பதில்லை, வலையை எளிதாகக் கடந்துபோகும். பிளாக்கின் இடுக்கில் வெண்மையாக, பசை போல் படியும். உங்கள் குழாய் மங்குவதும் இதனால் இருக்கலாம். இதற்கு வடிகட்டியால் பயனில்லை, குழாயை மாற்ற வேண்டும். நான் கறுப்பு இபிடிஎம் ரப்பர் குழாய்க்கு மாறினேன். உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியாது, அந்த அழகு போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பால் போன்ற வண்ண நீர்கள் இன்னொன்று. அந்த நிறமே மிதக்கும் நுண்துகள்தான். தனித்தனியாக எந்த வலையையும் கடக்கும். ஆனால் நீர் பழையதானாலோ வேறு இரசாயனம் கலந்தாலோ அவை திரண்டு கட்டியாகும், முதலில் வலையில், பிறகு இடுக்கில். வண்ண நீர் வேண்டும் என்பவர் வடிகட்டியை எடுத்துவிடுவது நல்லது, நீரையும் தவறாமல் மாற்ற வேண்டும்.

பாசியும் நுண்ணுயிர்ப் படலமும் மூன்றாவது. வலை அவற்றைப் பிடிக்கும், ஆனால் பிடித்த இடத்திலேயே வளரவும் விடும். பச்சையாகவோ வழவழப்பாகவோ வலையில் கண்டால், அதைக் கழுவி மறுபடி போடுவது வீண். நீர் முழுவதையும் மாற்றுங்கள்.

மார்ச் 15

190 லிட்டர் குறைவு இல்லையா, வடிகட்டி குளிர்ச்சியைக் கெடுக்காதா என்று கேட்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.18 கிலோஜூல் வேண்டும். 400 வாட் வெப்பம் நுழையும் சுற்றில் மணிக்கு 60 லிட்டர் ஓடினால், நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் வித்தியாசம் 5.7 டிகிரி. 200 லிட்டர் ஓடினால் 1.7 டிகிரி. 210 லிருந்து 190 க்கு இறங்கியதால் எனக்கு இழப்பு 0.2 டிகிரி கூட இல்லை. பாய்வு குறைந்தால் இடுக்குகளிலும் வெப்பம் கொஞ்சம் மந்தமாகத்தான் கடத்தப்படும். ஆனால் இந்த அளவுக் குறைவில் என் வெப்பமானி எதையும் காட்டவில்லை.

60 க்குக் கீழே விடாதீர்கள். பாய்வுமானி ஒன்று இருந்தால் வலை அடைவதை அதுவே சொல்லிவிடும். எனக்கு 150 என்று காட்டினால் திறக்கும் நாள்.

ஏப்ரல் 6

இரண்டு மாதம் வலையைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது: பெரும்பாலான அழுக்கு முதல் சில வாரங்களில்தான் வருகிறது. அப்படியானால் அதைக் கணினிக்குள் ஏன் பிடிக்க வேண்டும்? சுற்றை மாட்டுமுன் வெளியிலேயே பிடித்துவிடலாமே.

பழைய பம்ப் ஒன்று, ஒரு வாளி, குடிநீர்க் கருவிகளில் முதல் கட்டமாகப் போடும் 10 அங்குல பஞ்சுருளை வடிகட்டி, 5 மைக்ரான். அது வெள்ளையாக, நூற்ற பாலிபுரொப்பிலீனால் ஆனது. வாளியிலிருந்து பம்ப், அங்கிருந்து ரேடியேட்டர், அங்கிருந்து வடிகட்டி, மறுபடி வாளி. காய்ச்சி வடித்த வெந்நீர். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடுதான், பம்ப்புக்கு 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஒரு மணி நேரம் ஒரு திசையில். பிறகு குழாய்களை இடம் மாற்றி மறு திசையில். திசை மாற்றிய முதல் நிமிடத்தில் வந்த அழுக்கு, முந்திய ஒரு மணி நேரத்தில் வந்ததைவிட அதிகம். ஓரங்களில் ஒதுங்கிக் கிடந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் தள்ளினால்தான் கிளம்புகிறது. உருளையின் வெளிப்புறம் சாம்பல் நிறமாகிவிட்டது.

5 மைக்ரானைக் கணினிக்குள் வைத்தால் பாய்வு செத்துப்போகும், உருளையின் உடலுக்கு இடமும் இருக்காது. வாளியருகே அந்தக் கவலை இல்லை.

ஏப்ரல் 7

நேற்று விட்டது: வினிகர் போன்ற அமிலம் பற்றிக் கேட்டீர்கள். நிக்கல் முலாம் உள்ள எதிலும் நான் ஊற்றுவதில்லை. வெறும் வெந்நீரும் பொறுமையும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

சுற்றில் நிரப்பும் நீரையும் காபி வடிதாள் வழியே தொட்டியில் ஊற்றுகிறேன். திரும்பும் குழாயில் வடிகட்டி இருப்பதால், தொட்டியில் விழுந்தது முதலில் பம்ப்புக்குத்தான் போகும். ஜனவரி 23 ஆம் தேதி எழுதிய அமைப்பின் ஒரே ஓட்டை இது.

ஜூன் 18

இழை நகர்ந்து தரவு மையங்கள் பக்கம் போய்விட்டது, நல்லதுதான். 1980 இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081 பெருங்கணினியே நீரால் குளிர்விக்கப்பட்டது. சிப்பின்மேல் நேரடியாக நீர் படவில்லை, மேலே அமர்ந்த குளிர்தகட்டில் ஓடியது, நம் பிளாக் போலவே. இன்று சிப் வரை குழாய் இழுக்கும் தரவு மையங்களில் 50 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிகட்டி நிலையாகவே இருக்கும். அவர்களுக்கு அது சாத்தியம், ஏனென்றால் வடிகட்டியின் பரப்பு பெரிது. ஒன்றை மூடிக் கழுவும்போது பக்கத்தில் இன்னொன்று ஓடும். சில இடங்களில் மொத்த நீரையும் வடிகட்டாமல் ஒரு சிறு பங்கை மட்டும் பக்கக் கிளையில் திருப்பி, ஓயாமல் வடிகட்டிக்கொண்டே இருப்பார்கள். வேகமாகச் சுற்றும் நீர் என்பதால் சில மணி நேரத்தில் எல்லாம் அந்தக் கிளையைக் கடந்துவிடும்.

பக்கக் கிளையை வீட்டுக் கணினியில் செய்து பார்க்க எனக்கு ஆசை. முதன்மைக் குழாய்க்குத் தடையே இராது, வலையை 200 எண்ணுக்குக் கூட இறக்கலாம். இரண்டு ஒய் இணைப்புகளும் ஒரு வால்வும் அதிகம் வேண்டும், அதாவது கசியக்கூடிய இடங்களும் அதிகம். அந்தக் கணக்கில் நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 21

எட்டு மாதம். பிளாக்கைத் திறந்தேன். கேள்வி கேட்டவருக்கு இது: ஆம், வடிகட்டி இருந்தும் திறந்தேன், இனியும் ஆண்டுக்கு ஒருமுறை திறப்பேன்.

கிராபிக்ஸ் சிப்புக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் திறக்குமுன் 12.5 டிகிரி. இடுக்குகள் செம்பு நிறத்தில் ஒளிர்ந்தன. பழுப்புப் படலம் இல்லை, வெண்பசையும் இல்லை. கடைசி ஆறு முறையும் வலை வெறுமையாக இருந்ததால், வலைக்குவளையை எடுத்துவிட்டு வெற்று உடலை மட்டும் சுற்றில் விட்டுவைத்திருக்கிறேன். புதிய ஃபிட்டிங்கோ ரேடியேட்டரோ சேர்த்தால் இரண்டு வாரம் வலையை மறுபடி போட்டுப் பார்ப்பேன்.

ஒன்றே ஒன்று கிடைத்தது. நடு இடுக்குகளின் குறுக்கே, நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு நூலிழை. 150 மைக்ரான் கண்ணில் நீளவாக்கில் நுழைந்து வந்து, இங்கே அகலவாக்கில் படுத்துவிட்டது. நீல நிறம். பிளாக்கை மூடுமுன் நான் துடைக்கும் துணியும் நீலம். இம்முறை துடைக்காமல், காற்றில் உலரவிட்டு மூடினேன்.